நடுக்கம் எங்கிருந்து?

ஒன்றையடுத்து மற்றொன்று நிகழ்வதாலேயே முன்னது பின்னதற்குக் காரணமாகிவிடாது என்று குருமடத்தில் மெய்யியல் பயின்ற நாளில் கற்றோம். அப்பாடம் ஒரு பழைய காரின் குளிர்சாதனத்துக்கும் பொருந்துமென்பதைத் திருவண்ணாமலைக்கு வந்த பிறகே கண்டேன்.

எம் பங்கின் முதிய வேதியர் இரத்தச் சுத்திகரிப்புக்காக வாரம் இருமுறை வேலூர் சென்று வருகிறார். போளூர், கண்ணமங்கலம் வழியாக ஏறக்குறைய 80 கி.மீ. தூரம். நீரை அளந்தே அருந்த வேண்டியவருக்குக் கத்திரி வெயில் தரும் தாகம் கொடிது. ஆகவே காரின் குளிர்ச்சி அவருக்கு ஆடம்பரமன்று. ஆனால் அதை இயக்கியதும், வண்டி நிற்குமிடமெல்லாம் இருக்கைவரை நடுங்கிற்று. ஊசி ஏறிய கையைத் தலையணைமீது பிடித்தபடி அவர் பல்லைக் கடித்துக்கொள்வார்.

பெரிய பட்டறை ஒன்றில் கம்ப்ரசரையே மாற்றச் சொன்னார்கள். அத்தொகை எங்கள் இரண்டு மாத உண்டியலுக்குச் சமம்.

அவலூர்ப்பேட்டைச் சாலையில் சிறு பட்டறை வைத்திருக்கும் முதியவரோ பானட்டைத் திறக்குமுன் வினவினார்: "நிக்கும்போதா, ஓடும்போதா சாமி?" நிற்கும்போதுதான். காற்றாடியை மட்டும் சுழலவிட்டார், நடுக்கமில்லை. கம்ப்ரசர் சேர்ந்ததும் நடுங்கிற்று. எஞ்சினின் வேகத்தைச் சற்றே உயர்த்த, தணிந்தது.

எஞ்சின் ஆற்றலில் ஒரு பகுதியைப் பெல்ட் வழியே கம்ப்ரசர் வாங்கிக்கொள்கிறது. கிளட்ச் அதைச் சேர்க்கவும் பிரிக்கவும் செய்கிறது. (1940-ஆம் ஆண்டு மாதிரிப் பேக்கார்டு காரில் கிளட்ச் கிடையாது, குளிர் வேண்டாமெனில் எஞ்சினை நிறுத்திப் பெல்ட்டைக் கழற்ற வேண்டும்!) கண்டென்சர் விசிறியும் உடன் சுழலுமாதலால் அதன்மீதும் ஐயம் எழும். அவர் கிளட்சின் கம்பியைக் கழற்றி விசிறியைத் தனியே ஓடவிட்டார். அது குற்றமற்றது. நீண்ட திருப்புளியின் முனையைக் கம்ப்ரசர்மீது ஊன்றிப் பிடியைக் காதில் வைத்துக் கேட்டார், பேரிங்கில் இரைச்சலில்லை. அதைத் தாங்கும் போல்ட்டுகளும் இறுக்கமாகவே இருந்தன. அழுத்தமானியும் சரியாகவே காட்டியது.

வாயுவை நிரப்பினால் எல்லாம் தீருமென்னும் நம்பிக்கை நம்மூர்ப் பட்டறைகளில் வேரூன்றியுள்ளது. மூடிய குழாய்க்குள் சுற்றும் வாயு கசிந்தாலன்றிக் குறையாது. அளவுக்கு மீறினாலோ அழுத்தம் ஏறிக் கம்ப்ரசரே திணறும். இதை அவர் சற்றுக் கோபத்தோடுதான் சொன்னார்.

பின்னர் என்னை இருக்கையில் அமர்த்திப் பொத்தானை அழுத்தியும் விடுவித்தும் காட்டச் சொல்லி, எஞ்சினையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முறையும் அது ஒருபக்கம் துள்ளியது. எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுண்ட் கிழிந்திருந்தது. சுமையில்லாதபோது மறைந்திருந்த கிழிசலைக் கம்ப்ரசரின் சுமை வெளிக்காட்டியிருக்கிறது. பழியோ கம்ப்ரசர்மேல் விழுந்தது.

அன்று மாலைக்குள் புதிய மவுண்ட் பொருத்தப்பட்டது. மறுவாரம் போளூர் ரயில்வே கேட்டில் வண்டி நின்றபோது வேதியர் தலையணையை மடியில் வைத்து உறங்கிக்கொண்டிருந்தார்.

கூலி கொடுக்கும்போது முதியவர் மேலும் ஒன்று சொன்னார்: "பெல்ட்டுல வெடிப்பு தெரியுது சாமி, தீபத்துக்கு முன்னாடி மாத்திடுங்க. அந்தக் கூட்டத்துல அறுந்தா நான்கூட வந்து சேர முடியாது."