என் பாட்டுப் பட்டியல்

என் வாழ்க்கைக்குப் பத்துப் பாட்டு தேர்ந்தெடுக்க உட்கார்ந்தேன். இளையராஜாவின் பண்ணைப்புரம் எங்களுக்குப் பக்கத்து ஊர். அதனால் முதலில் எடுத்தது, 1976இல் வந்த 'அன்னக்கிளி'யில் எஸ்.ஜானகி பாடியது. வரிகள் பஞ்சு அருணாசலம். பெண்ணின் ஏக்கத்தை எழுதியவர் ஆண்.

காதலுக்கும் கல்யாணத்துக்கும் தாலாட்டுக்கும் பாட்டு நிறையக் கிடைத்தது. முதல் சம்பளம் வாங்கிய நாளுக்கும், கட்டியவனை வேண்டாமென்று சொல்லிவிட்டு வீடு திரும்பிய நாளுக்கும் ஒன்றுமில்லை.

பெரியாற்றுத் தண்ணீர் திறந்ததும் அம்மா நடவுக்குப் போவாள். சேர்ந்து நடும் பெண்கள் கூலியைக் கேட்டும் மேஸ்திரியைக் கேலிசெய்தும் அங்கேயே வரி கட்டிப் பாடுவார்கள். எந்த இசைத்தட்டிலும் அவர்கள் பெயர் இல்லை.

அம்மாவைப் பாடச்சொல்லி செல்பேசியில் பதிந்தேன். எழுதியவர், இசை, குரல் மூன்றிலும் அம்மா பெயரையும் அவள் சேத்தாளிகள் பெயரையும் போட்டேன். என் பட்டியலில் அதுதான் முதல் பாட்டு.