கேணிக்கரையில் ஒரு வீடு

திருவல்லிக்கேணியைப் பற்றி எழுதுமாறு நண்பர்கள் கேட்டபோதெல்லாம் தட்டிக் கழித்தே வந்திருக்கிறோம். பிறந்து வளர்ந்த ஊரைப் பற்றி எழுதப் புகுந்தால் பெருமை பேசுவதாகவோ புலம்புவதாகவோ முடிந்துவிடும் என்ற தயக்கமே காரணம். சென்ற ஆவணியில் சார்பதிவாளர் அலுவலகத்தில் இட்ட ஒரு கையெழுத்து அந்தத் தயக்கத்தைப் போக்கிவிட்டது. எங்கள் பாட்டனார் வாங்கிய வீட்டை விற்றுவிட்டோம். அது பற்றிச் சொல்லாமல் இனி வகுப்பில் நின்று பாடம் சொல்ல மனம் ஒப்பவில்லை.

நாம் தமிழ் பயிற்றும் கல்லூரியில் இளங்கலை மாணவர்களை ஆண்டுக்கொருமுறை திருவல்லிக்கேணிக்கு அழைத்துச் செல்வது வழக்கம். குளத்தங்கரையில் தொடங்கி, பாரதியார் இல்லம், இந்து உயர்நிலைப் பள்ளி, பெரிய மசூதி, சேப்பாக்கம் அரண்மனை வழியாகக் கடற்கரையில் முடியும் நடை அது. வழியெங்கும் இடிக்கப்பட்ட வீடுகளைச் சுட்டி, "நம் மக்களுக்கு வரலாற்று உணர்வு இல்லை" என்று நாம் சொல்லாத ஆண்டில்லை. இனி அப்படிச் சொல்ல முடியாது.

வீடு குளத்திற்கு அருகே ஒரு குறுகிய தெருவில் இருந்தது. திண்ணை, ரேழி, முற்றம், கூடம், பின்கட்டில் கிணறு. தேக்கு உத்திரங்களின்மேல் செங்கல்லைச் சாய்த்து அடுக்கிச் சுண்ணாம்பு பூசிய மெட்ராஸ் டெரஸ் கூரை. எங்கள் சிறுவயதில் அதில் எட்டுக் குடித்தனங்கள். ஒரே கிணறு, ஒரே அடிபம்பு, வரிசையில் நிற்கும் பிளாஸ்டிக் குடங்கள். மாடியறையில் பிரம்மச்சாரிகள் மூவர் தங்கியிருந்தனர். அவர்களுள் ஒருவர் பழைய புத்தகக் கடைகளில் வாங்கிய நாவல்களை எமக்குப் படிக்கத் தந்தார். தமிழை முதற்பாடமாக எடுக்க வைத்தது அந்த மாடியறைதான். திருவல்லிக்கேணியின் மேன்ஷன்களில் தங்கி வேலை தேடிய எத்தனையோ இளைஞர்களின் கதை இப்படித்தான் ஊரோடு கலந்திருக்கிறது.

ஊரின் பெயர் அல்லிக்குளத்தால் வந்தது. பேயாழ்வாரும் திருமழிசையாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் பாடிய தலம். ஆழ்வார்கள் இதனை மயிலையோடு சேர்த்தும் பாடியிருக்கின்றனர். கடலோரத்தில் இரண்டும் அடுத்தடுத்த ஊர்கள். மூலவர் வேங்கடகிருஷ்ணர் மீசையுடன் நிற்கிறார். உற்சவர் பார்த்தசாரதியின் முகத்தில் பாரதப் போரில் பட்ட அம்புத் தழும்புகள். தேரோட்டி ஒருவனின் முகத்தைத் தழும்புகளோடே தெய்வமாக வணங்கும் ஊர் என்று மாணவர்களிடம் சொன்னால், தூங்கி வழிபவனும் நிமிர்ந்து பார்ப்பான். கிழக்கே பார்த்தசாரதி, மேற்கே நரசிம்மர் என இரு திசைக்கும் வாயிலுள்ள கோயில். மேற்கு வாயில் நரசிம்மரைத் தெள்ளியசிங்கர் என்பர். அப்பெயரே தெருப்பெயரில் துளசிங்கப் பெருமாள் ஆயிற்று.

இக்கோயிலில் கிடைத்தவற்றுள் மிகப் பழைய கல்வெட்டு பல்லவன் தந்திவர்மன் காலத்தது; ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்டது. அதில் போர் வெற்றி எதையும் காணோம். கோயில் நிலம் ஒன்றை அடமானம் வைத்துவிட்டார்கள். அதனால் பெருமாளின் அமுதுபடிக்கு வந்துகொண்டிருந்த நெல் குறைந்துபோயிற்று. ஒருவர் பொருள் கொடுத்து நிலத்தை மீட்டார். இதுதான் செய்தி. பல ஆண்டுகளாக இதைப் பாடமாகச் சொல்லியிருக்கிறோம். பதிவு அலுவலகத்தின் மரப்பலகையில் அமர்ந்து முறைக்குக் காத்திருந்தபோதுதான் அதன் பொருள் உறைத்தது. திருவல்லிக்கேணியைப் பற்றிக் கல் சொல்லும் முதற்கதையே கடனைப் பற்றியதுதான்.

அந்த எண்ணம் வந்தபின் ஊரின் வரலாறே வேறாகத் தெரியத் தொடங்கியது. ஆர்க்காட்டு நவாப் முகமது அலி வாலாஜா ஆங்கிலேயரின் கோட்டைக்கருகே வாழ விரும்பிச் சேப்பாக்கத்தில் அரண்மனை எழுப்பினார். 1768இல் அது முடிந்தது. அவரைப் பின்தொடர்ந்து வந்த அலுவலரும் படையினரும் உருதுக் கவிஞரும் மார்க்க அறிஞரும் கைவினைஞரும் குடியேறியதால்தான், கோயிலைச் சுற்றி வைணவரும் நெடுஞ்சாலையை ஒட்டி இசுலாமியருமாகத் திருவல்லிக்கேணி இன்றைய உருவத்தைப் பெற்றது. நவாப் கும்பினிக்கும் அதன் அலுவலர்களுக்கும் பட்ட கடன், லண்டன் நாடாளுமன்றம் வரை சென்றது. 1785இல் எட்மண்ட் பர்க் 'ஆர்க்காட்டு நவாபின் கடன்கள்' பற்றி ஆற்றிய உரை புகழ்பெற்றது. 1855இல் கடைசி நவாப் வாரிசின்றி மறைந்தபின் பட்டம் ஒழிக்கப்பட்டது. கடனை அடைக்க அரண்மனை ஏலத்திற்கு வந்து அரசின் கைக்கே போயிற்று. 2012 ஜனவரியில் அங்கே நேர்ந்த தீவிபத்தில் கலச மகாலின் கூரை சரிந்து, தீயணைப்பு வீரர் ஒருவர் உயிரிழந்தார். மகால் பின்னர்ப் புதுப்பிக்கப்பட்டது.

நவாபின் குடும்பத்தார் 1795இல் கட்டிய வாலாஜா மசூதி, கடனிலும் ஏலத்திலும் சிக்காமல் நிற்கிறது. கருங்கல்லாலான கட்டடம், மரமும் இரும்பும் சேர்க்கப்படவில்லை என்பர். அதன் காலத்தைக் குறிக்கும் பாரசீகப் பாட்டை எழுதியவர் நவாபிடம் முன்ஷியாக இருந்த மக்கன் லால் என்னும் இந்து. ரமலான் மாலைகளில் இங்கே நோன்பு திறப்போர்க்கு, மயிலாப்பூர்ச் சூஃபிதார் அமைப்பைச் சேர்ந்த சிந்தி இந்துக்கள் பல ஆண்டுகளாக உணவு பரிமாறி வந்திருக்கின்றனர். பிரிவினையில் வீடிழந்து வந்தவர்கள் தொடங்கிய மரபு அது.

கடன் எப்போதும் அழிவைத்தான் தரும் என்பதற்கில்லை. 1878இல் திருவல்லிக்கேணி இலக்கியச் சங்கத்தைச் சேர்ந்த இளைஞர் அறுவர், ஒரு ரூபாய் பன்னிரண்டு அணா கடன் வாங்கி எண்பது படிகள் அச்சிட்டுத் தொடங்கிய வார இதழ்தான் 'தி இந்து'. 1904இல் இங்கேதான் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. நடுத்தரக் குடும்பங்கள் ஒன்றுகூடி நியாய விலைக்கு அரிசி பருப்பு வாங்கிக்கொள்ளச் செய்த ஏற்பாடு. எங்கள் வீட்டிலும் டி.யு.சி.எஸ். அட்டை ஒன்று சுவரில் ஆணியடித்துத் தொங்கியது.

கடற்கரைச் சாலையின் ஐஸ் ஹவுஸ் கைமாறிய கதையையும் மாணவர் விரும்பிக் கேட்பர். அமெரிக்காவிலிருந்து மரத்தூளில் பொதிந்து கப்பலில் வந்த பனிக்கட்டிகளை வைக்க, டியூடர் கும்பினி 1842இல் கட்டியது. இயந்திரத்தில் பனிக்கட்டி செய்யத் தொடங்கியதும் வணிகம் நொடித்தது. வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்கார் அதை வாங்கி வீடாக்கினார். 1897இல் விவேகானந்தர் அங்கே தங்கினார். பின்னர்ச் சகோதரி சுப்புலட்சுமி அதே கட்டடத்தில் இளம் விதவைகளுக்கு விடுதி நடத்திப் படிக்க வைத்தார். பனிக்கட்டிக்குக் கட்டிய வீட்டில் எத்தனை பெண்களுக்கு வாழ்வு கிடைத்தது! இன்று அது விவேகானந்தர் இல்லம். ஆட்டோக்காரர்களுக்கு மட்டும் இன்றும் ஐஸ் அவுசுதான்.

பெரிய தெருவின் இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்த சந்திரசேகர் 1983இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றார். இங்கிலாந்துக்குக் கப்பலேறுமுன் கணிதமேதை ராமானுஜன் அனுமந்தராயன் கோயில் சந்தில் குடியிருந்தார். அவ்விருவரும் நடந்த தெருக்களில் இன்று இருசக்கர வண்டிகளுக்கிடையே ஒருவர் நடப்பதே அரிது.

துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவிலுள்ள பாரதியார் இல்லத்தில் எப்போதும் சற்று அதிக நேரம் நிற்போம். கோயில் யானை தாக்கியதாலேயே பாரதி இறந்தார் என்று மாணவர்கள் நம்பி வருவர். யானை தள்ளியது மெய். அதிலிருந்து அவர் தேறி வேலைக்கும் சென்றார். சில மாதங்களுக்குப்பின், 1921 செப்டம்பரில், வயிற்றுக்கடுப்பு நோயால் அந்த வீட்டில்தான் உயிர் நீத்தார். இறுதி ஊர்வலத்தில் சென்றவர்கள் மிகச் சிலரே. வாடகைக்கு இருந்த கவிஞரின் வீட்டை அரசு பின்னாளில் வாங்கி, 1993இல் நினைவில்லமாக்கியது. அடுத்தடுத்த வீடுகளில் இருந்தவர்களும் வாழ்ந்துதான் மறைந்தார்கள். அவர்களுடைய வீடுகளை மீட்க எந்த அரசு வரும்?

எங்கள் வீட்டை யாரும் ஏமாற்றிப் பறிக்கவில்லை. தந்தையாரின் சிறுநீரகச் சிகிச்சைக்கு மூன்றாண்டுகளில் வாங்கிய கடன் இருந்தது. உத்திரங்களில் கரையான். மழைக்காலத்தில் கூடத்தில் நான்கு இடங்களில் வாளி வைக்க வேண்டும். குடித்தனக்காரர்கள் ஒவ்வொருவராகக் காலிசெய்து போய்விட்டனர். பழுதுபார்க்கக் கேட்ட தொகை எங்கள் மூவரின் சேமிப்பையும் தாண்டியது. வயது ஏறியும் வாடகை வீட்டில் இருக்கும் அக்காவுக்கு அவள் பங்கு தேவைப்பட்டது.

"ஊருக்கெல்லாம் பாடம் சொல்றியே, நீயே சொல்லுப்பா. என்ன பண்ணலாம்?" என்றாள் அக்கா.

நாம் பாரம்பரியம், பழமை என்று ஏதோ தொடங்கினோம். தம்பி இடைமறித்தான். "அண்ணா, நீ போரூர்ல ஃபிளாட்ல இருக்க. ஒழுகுற கூடத்துல அப்பாவ வெச்சுப் பார்த்துக்கிட்டது நான்."

அவன் குரலில் கோபம் இல்லை. அதனால்தான் மறுமொழி சொல்ல முடியவில்லை. இருபதாண்டுகளாக அந்த வீட்டின் அழகை நாம் பேசினோம். அதன் பாரத்தைத் தம்பி சுமந்தான். விலகிப் போனவர்க்கே பழைய வீடு அழகாகத் தெரிகிறதோ என்ற ஐயம் அன்று எழுந்தது, இன்னும் தீரவில்லை. அடுத்த வாரம் மூவரும் கையெழுத்திட்டோம்.

இவ்வாண்டு நடையைக் கைவிட்டுவிடலாமா என்றுகூட நினைத்தோம். ஆனாலும் சென்றோம். எங்கள் தெருமுனையைத் திரும்பும்போது ஒரு மாணவி, "ஐயா, உங்க வீடும் இங்கதானே இருந்துச்சுன்னு சொன்னீங்க? எது?" என்று கேட்டாள். தகரத் தடுப்பைக் காட்டினோம். தடுப்பின் இடைவெளியில் பாதிச் சுவரும், முற்றத்துத் தூண் ஒன்றும், வெயிலில் கிடந்த கிணற்றடிக் கல்லும் தெரிந்தன. "விற்றுவிட்டோம். நாமும் கையெழுத்துப் போட்டோம்" என்றோம். வழக்கமாகச் சொல்லும் அந்த வாக்கியத்தை இம்முறை யாரும் கேட்கவில்லை.

சற்று நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு அந்த மாணவி, தன் பாட்டி இருந்த வீடு பெரிய மசூதிக்குப் பின்புறச் சந்தில் இருந்ததென்றும், அதுவும் இப்போது இல்லையென்றும், தான் பிறந்தது கோஷா ஆஸ்பத்திரியில் என்றும் சொன்னாள். நாமும் அங்கேதான் பிறந்தோம். திரை மறைவில் வாழ்ந்த பெண்களுக்காக 1885இல் தொடங்கிய மருத்துவமனை அது. கஸ்தூரிபா காந்தி பெயர் சூட்டிப் பல்லாண்டாகியும் பழைய பெயர் போகவில்லை. அவளுக்கும் எமக்கும் இருபது வயதுக்குமேல் இடைவெளி. கூப்பிடு தூரத்தில் வாழ்ந்த இரு குடும்பங்கள் ஒன்றையொன்று அறிந்ததில்லை.

அன்று மாணவர்களுக்கு ஒரு வேலை கொடுத்தோம். அவரவர் பாட்டி தாத்தா வாழ்ந்த வீட்டைப் பற்றி எழுதி வர வேண்டும். எத்தனை அறை, எங்கே கிணறு, யார் யார் குடியிருந்தார்கள், எப்போது, ஏன் கைமாறியது என்பவை மட்டும் போதும், வருணனை வேண்டாம். தந்திவர்மன் காலத்துக் கல்லில் பொறித்தவனும் இவ்வளவுதான் எழுதினான்: என்ன நிலம், யார் வைத்தது, யார் மீட்டது.

எங்கள் வீட்டைப் பற்றிய பக்கத்தை நாமும் எழுதினோம். 'யார் மீட்டது' என்ற இடம் அதில் வெறுமையாக இருக்கிறது. தம்பியிடம் படிக்கக் கொடுத்தோம். மாடியறைப் படிகள் பதினொன்றல்ல, பன்னிரண்டு என்று திருத்திக் கொடுத்தான்.