இமாமின் வருகைப் பதிவேடு

'அறிவுப் பணியாளர்' என்னும் கருத்தை 1959ஆம் ஆண்டிலேயே தம் நூலொன்றில் எடுத்துரைத்தவர் பீட்டர் டிரக்கர். வியன்னாவில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த நிர்வாகவியல் அறிஞர். ஆலைத் தொழிலாளியின் கருவி முதலாளிக்குச் சொந்தம். அறிவுப் பணியாளரின் கருவியோ அவருடைய தலைக்குள் இருக்கிறது; அவர் வெளியேறினால் அதுவும் உடன் வெளியேறிவிடும். ஆகவே அவர் எத்தனை மணி நேரம் இருந்தார் என்று அளப்பதில் பயனில்லை. பணி எது என்பதை அவரிடமே கேட்டறிந்து, செய்யும் முறையை அவர் பொறுப்பில் விட வேண்டும் என்பது டிரக்கர் கடைசி வரை வலியுறுத்திய கருத்து.

நம் பிள்ளைகள் பலர் சென்னையிலும் பெங்களூருவிலும் வளைகுடாவிலும் கணினி நிறுவனங்களில் பணியாற்றுகின்றனர். ஐந்து நிமிடத் தாமதத்துக்கு மேலாளர் கணக்குக் கேட்டால் அவர்கள் மனம் புண்படுகிறது. நியாயந்தான். ஆனால் நம் சமுதாயத்தின் மிகப் பழைய அறிவுப் பணியாளர் மஹல்லாவிலேயே இருக்கிறார். பல்லாண்டுகள் அரபுக் கல்லூரியில் ஓதி ஸனது பெற்று வந்த அந்த ஆலிமை நாம் எவ்வாறு நடத்துகிறோம்?

எங்கள் மஹல்லாவில் ஒரு நோட்டுப் புத்தகம் உண்டு. இமாம் பள்ளிக்குள் நுழையும் நேரமும் வெளியேறும் நேரமும் அதில் ஏறும். ஒரு வக்து தவறினால் சம்பளத்தில் பிடித்தம். தொழுகைக்கு நேரம் கட்டாயம். அதில் எங்களுக்கு மறுப்பில்லை. எனினும் மக்தபில் எத்தனை பிள்ளைகளின் ஓதல் திருந்தியது, பிரியவிருந்த எந்தக் கணவன் மனைவி அவர் பேச்சைக் கேட்டு மீண்டும் சேர்ந்தனர், நள்ளிரவில் எத்தனை மையித்து வீடுகளுக்குச் சென்று ஆறுதல் கூறினார் என்பவை அந்த நோட்டில் ஏறுவதேயில்லை. ஜும்ஆ பயானில் கைக்கூலியைப் பற்றிப் பேசத் தொடங்கினாலோ, "ஹஜ்ரத், வேறு தலைப்பு எடுங்களேன்" என்று ஒரு குரல் வந்துவிடும்.

நிர்வாகிகள் தீயவர்கள் அல்லர். ஊதியம் பெறாமல் உழைப்பவர்கள், பெரும்பாலோர் வணிகர்கள். கடையில் ஆள் வைத்துப் பழகிய கண்ணோடுதான் மிஹ்ராபையும் பார்க்கிறார்கள். விளைவு, ஐந்தாண்டில் மூன்று இமாம்கள். கடைசியாக இருந்தவர் ஹாஃபிழ். இஷாவுக்குப் பின் இளைஞர்களுக்குத் தஃப்ஸீர் வகுப்பு தொடங்கியிருந்தார். இன்று பக்கத்து ஊர் ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறார். வகுப்பும் அவரோடு போய்விட்டது.

இத்தருணத்தில் புகாரியில் பதிவான ஒரு நிகழ்வு நம் நினைவுக்கு வருகிறது. யமாமா போரில் குர்ஆனை மனனம் செய்தோர் பலர் ஷஹீதாயினர். குர்ஆனை ஒன்றுதிரட்ட வேண்டும் என்று உமர் (ரலி) வற்புறுத்த, முதலில் தயங்கிய கலீஃபா அபூபக்ர் (ரலி) பின்னர் இணங்கினார்கள். இருபதைச் சற்றே கடந்த ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களை அழைத்து, அவரைத் தேர்ந்த காரணத்தையும் சொன்னார்கள்: அறிவுள்ளவர், ஐயத்துக்கு இடமில்லாதவர், வஹீயை எழுதியவர். ஸைத் உடனே தலையாட்டவில்லை. நபி (ஸல்) அவர்கள் செய்யாத ஒன்றை நீங்கள் எவ்வாறு செய்யலாம் என்று கேட்டார்கள். கலீஃபா 'இது என் ஆணை' என்று வாயடைக்கவில்லை. ஸைதின் உள்ளம் தெளியும் வரை திரும்பத் திரும்பப் பேசினார்கள். மலையொன்றை இடம்பெயர்க்கச் சொல்லியிருந்தாலும் இத்தனை பாரமாக இருந்திராது என்று பின்னாளில் சொன்ன அந்த ஸைத்தான், பேரீச்ச மட்டைகளிலிருந்தும் கற்பலகைகளிலிருந்தும் மனிதர்களின் நெஞ்சங்களிலிருந்தும் அதைத் தேடித் திரட்டினார்கள். காரணத்தைச் சொல்லி, மறுப்புக்குச் செவிகொடுத்து ஒப்படைக்கப்பட்ட பணி அது.

புதிய இமாமுக்கான தேடல் இப்போது நடைபெறுகிறது. நாங்கள் சிலர் சேர்ந்து நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் கொடுத்துள்ளோம். தொழுகை நேரம் நீங்கலாக மற்ற நேரக் கணக்கை நிறுத்துங்கள். வருபவரிடம் சம்பளத்தைப் பேசுமுன், இந்த மஹல்லாவுக்கு எது தேவை என்று அவர் கருதுகிறார் எனக் கேளுங்கள். பயானின் தலைப்பை அவரிடமே விடுங்கள். கிதாபுகள் வாங்க ஆண்டுதோறும் ஒரு தொகை ஒதுக்குங்கள். இவ்வளவுதான் எழுதியிருந்தோம்.

முத்தவல்லி இருமுறை படித்தார். "கிதாபுக்குத் தரலாம். தலைப்பு விஷயம்தான்..." என்று இழுத்துவிட்டு, கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பொதுக்குழு அடுத்த ஜும்ஆவுக்குப் பின் கூடுகிறது.