எத்தனை முழம் உயரம்?

நம் ஊர்ப் பக்கம் பாத்தி என்றால் நாற்புறமும் வரப்புக் கட்டி, ஊற்றிய நீர் ஓடிவிடாமல் தேங்கும்படி தாழ்வாக அமைப்பதே வழக்கம். வெயில் மிகுந்த பூமிக்கு அதுவே பொருத்தம். ஆனால் எங்கள் பள்ளித் தோட்டத்தின் வடபுறமோ ஐப்பசி மழையில் குளமாகிவிடும். ஆகவே 2024 ஜூன் மாதம் அங்கே மேட்டுப்பாத்தி எழுப்புவதென்று தோட்டக் குழுவினராகிய நாங்கள் தீர்மானித்தோம். பெற்றோர் ஒருவர், வீடு கட்டி மீந்த 300 செங்கற்களை அன்புடன் அனுப்பி வைத்தார்.

எவ்வளவு உயரம் என்பதில்தான் விவாதம் எழுந்தது. கீரைக்கு ஒரு சாண் மண் போதும். கத்தரி, தக்காளிக்கு அதைப்போல் ஒன்றரை மடங்காவது வேண்டும். ஒரு வரிசைச் செங்கல், சாந்துடன் சேர்ந்து 10 செ.மீ. உயரம் வரும். 2 மீட்டர் நீளமும் 1 மீட்டர் அகலமும் உள்ள பாத்தியைச் சுற்றி வர, வரிசைக்கு 30 கல். மூன்று வரிசை வைத்தால் மூன்று பாத்திகள் கட்டிவிடலாம் என்று எங்களுள் கணக்கில் புலியான ஒருத்தி எழுதிக் காட்டினாள்.

அப்போது தாழ்வாரத்து நாற்காலியிலிருந்து ஒரு குரல் வந்தது. “செடியின் வேரை அளந்துவிட்டீர்கள் பிள்ளைகளா, என் முழங்காலை யார் அளப்பது?”

முப்பது ஆண்டுகள் இங்கே அறிவியல் கற்பித்து ஓய்வு பெற்ற சிஸ்டர் அவர்கள்! தோட்டத்து முருங்கையும் கறிவேப்பிலையும் அவர்கள் கையால் வைத்தவை. மூட்டுவலி கண்ட பிறகு குனியவோ மண்டியிடவோ இயலாமல், தூரத்திலிருந்தே களையைச் சுட்டிக்காட்டி எங்களை ஏவுகிறார்கள். (அந்தக் கண்ணுக்கு ஒரு கோரையும் தப்பாது!) பக்கத்தில் சக்கர நாற்காலியில் இருந்த ஏழாம் வகுப்புத் தங்கையும், “எனக்கும் அளங்க அக்கா” என்றாள்.

இருவருக்காகப் பாத்தியைக் குறைத்தால் விடுதிச் சமையலுக்குக் காய் குறையுமே என்று சிலர் வாதாடினோம். இரண்டு நாள் பேச்சு நீண்டது. முடித்து வைத்தவர் விடுதிச் சமையற்கார அக்காதான். “தினம் பறிக்கிறவ நான். இடுப்பு என்னோடது. ஒரு பாத்தியாவது உசரமா இருக்கட்டும்” என்றார். அதற்குமேல் எவரும் வாய் திறக்கவில்லை.

நாற்காலி இருக்கையின் உயரம் ஏறக்குறைய ஒரு முழம், அதாவது 45 செ.மீ. எனவே உட்கார்ந்தபடி வேலை செய்வதற்குரிய பாத்தியை ஐந்து வரிசையில், 50 செ.மீ. உயரத்துக்கு எழுப்பினோம். அதற்கு 150 கல் ஆயிற்று. நிற்பவர்களுக்கு அடுப்படி மேடையின் உயரமே சுகம். ஆனால் அதற்குக் கல்லும் போதாது, ஈரமண் நெருக்கி மெல்லிய சுவரைப் பிதுக்கிவிடும் என்று கொத்தனார் தடுத்தார். அகலம் 1 மீட்டராக இருப்பதால் எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் நடுப்பகுதி கைக்கு எட்டுகிறது.

தங்கைக்கு உயரம் மட்டும் போதவில்லை; நாற்காலி உள்ளே நுழைந்து கால் நீட்டவும் இடம் வேண்டுமே! அவள் உட்கார்ந்திருக்கையில் முழங்கால் 54 செ.மீ. ஆகையால் 60 கற்களால் 60 செ.மீ. உயரத்தில் இரண்டு குட்டைச் சுவர்கள் எழுப்பி, பழைய சமையலறைக் கடப்பைக் கல்லை மேலே கிடத்தி, உடைந்த பெஞ்சுப் பலகைகளால் விளிம்பு கட்டி, ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவாக மண் பரப்பினோம். கொத்தமல்லியும் வெந்தயக் கீரையும் அங்கே அவள் ஆட்சி.

மீதி 90 கல்லில் தாழ்ந்த பாத்தி ஒன்று. கத்தரியும் தக்காளியும் அதில்தான். உயரமாக வளரும் செடியை உயரமான பாத்தியில் வைத்தால் காய் தலைக்குமேல் அல்லவா தொங்கும்!

உயரத்துக்கு விலையும் உண்டு. பெரிய பாத்தி முழுவதும் மண் நிரப்பினால் ஒரு டன்னுக்கு மேல் சுமக்க வேண்டும். ஆகவே அடியில் உடைகல், தேங்காய் மட்டை, சருகு இவற்றைப் போட்டோம். சருகு மக்க மக்க, கிறிஸ்துமஸுக்குள் மண் நான்கு விரற்கடை இறங்கி, மறுபடி தொழு உரம் கொட்ட வேண்டியதாயிற்று. தை பிறந்ததும் மேட்டு மண் விரைவில் காய்கிறது. கடப்பைக் கல்லின் மேலுள்ளதற்கு இருவேளையும் தண்ணீர். சிஸ்டர் இப்போது எங்களை ஏவுவது பாதியாகக் குறைந்துவிட்டது. களைக்கொத்தி அவர்கள் கையிலேயே இருக்கிறது.

தங்கை இவ்வாண்டு மளமளவென்று வளர்ந்துவிட்டாள். வரும் ஜூனில் முழங்காலை மறுபடி அளந்து, சுவர்கள் இரண்டையும் ஒரு வரிசை உயர்த்த வேண்டியிருக்கும். பெற்றோர் எவரிடமேனும் பத்துச் செங்கல் மீதமிருந்தால் தோட்டக் கொட்டகைக்கு அனுப்பக் கேட்டுக்கொள்கிறோம்.