செஞ்சியில ஒரு மூணு கிலோமீட்டர் நடை

சென்னையில பொட்டி தட்டிக்கிட்டு இருந்தாலும் நமக்குச் சொந்த ஊர் செஞ்சி. ஊர்ப் பேரைச் சொன்னதும் "கோட்டையா?"ன்னு கேப்பாங்க. ஆமா சாமி, அதே கோட்டைதான். ஆனா இன்னிக்கு மலை ஏறப் போறதில்ல. ஊருக்குள்ள சும்மா ஒரு நடை, வர்றவங்க வரலாம் :)

காரணம் அப்பா. சர்க்கரை ஏறிடுச்சு, தினம் அரை மணி நேரம் நடந்தே ஆகணும்னு டாக்டர் சொல்லிட்டார். எங்க நடக்கிறது? திருவண்ணாமலை ரோட்டு ஓரமாப் போனா பஸ்ஸும் லாரியும் சட்டையை உரசிட்டுப் போகுது. ராஜகிரி அடிவாரத்துல, கல்யாண மகால் பக்கம் தொல்லியல் துறை புல்வெளி இருக்கு. என்னைக் கேட்டா ஊர்லயே உருப்படியான பார்க் அது ஒண்ணுதான். ஆனா டிக்கெட் எடுக்கணும், விடிகாலை அஞ்சரைக்கு யாரு கேட்டைத் திறந்து விடுவா? 2025 ஜூலையில யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேர்த்த 12 மராட்டியக் கோட்டைகள்ல மகாராஷ்டிராவுக்கு வெளியில இருக்கிறது செஞ்சி மட்டும்தான். அவ்ளோ பெருமை இருக்குற ஊர்ல ஒரு சர்க்கரைக்காரர் நடக்க இடம் தேட வேண்டியிருக்கு.

சரின்னு போன தடவை லீவுல வந்தப்ப நானே ஒரு ரூட் போட்டேன். காந்தி பஜார்ல ஆரம்பம். அந்த நேரத்துல டீக்கடையும் பூக்கடையும்தான் முழிச்சிருக்கும். அங்கேர்ந்து மேற்கால திரும்பினா வலது கைப்பக்கம் கிருஷ்ணகிரி, இடது கைப்பக்கம் சந்திராயன் துர்க்கம், எதிர்ல ராஜகிரி. யாரோ பெரிய பெரிய பாறையா அள்ளிக் கொட்டிட்டு அடுக்க மறந்துட்டுப் போன மாதிரி இருக்கும். 1690-லேர்ந்து 1698 வரைக்கும் அவுரங்கசீப்போட படை இந்த மலைங்களைச் சுத்தி உக்காந்திருந்தது. எட்டு வருஷ ப்ராஜெக்ட்! நம்ம டெட்லைன் எல்லாம் ஒரு டெட்லைனா?

ரோட்டை விட்டு உள்ள திரும்பினா வரிசையா 'நகர்'கள். அலங்கார வளைவு, மஞ்சள் பெயிண்ட் அடிச்ச மனைக்கல், நாலு வீடு, நாற்பது காலி மனை. 3000 சதுர மீட்டருக்கு மேல மனைப்பிரிவு போட்டா 10 சதவீதம் பூங்கா, விளையாட்டுத் திடல்னு விடணும்னு விதி இருக்கு. வரைபடத்துல பச்சை கலர்ல அழகா இருக்கும். நேர்ல வேலிகாத்தான் முள்ளு. நாங்க போன நகர்லயும் அதே கதைதான்.

அந்த நகருக்குள்ள வர அப்பா முதல்ல ஒத்துக்கல. "அந்தப் பக்கம் வேணாம்டா, நாய் தொல்லை"ன்னார். நாய்க்குப் பயப்படுற ஆள் இல்ல அவர். அது எங்க நிலமா இருந்த இடம். 2015-ல நான் பிளஸ் டூ முடிச்சு இஞ்சினியரிங் சேர்ந்தப்ப வித்தது. அதுக்கப்புறம் அவர் அந்தத் தெருவுல கால் வெச்சதே இல்லையாம். எனக்கு அது அன்னிக்குத்தான் தெரியும்.

முள்ளு மண்டின பார்க்கிட்ட நின்னார். "இங்கதான்டா கெணறு. உங்க தாத்தா வெட்டினது. தூத்துட்டானுங்க." அவ்ளோதான். என்ன பதில் சொல்றதுன்னு தெரியல, நானும் நின்னேன். பக்கத்து வீட்டம்மா வாசல் தெளிச்சிட்டே, "யாரு சார், மனை பாக்க வந்தீங்களா?"ன்னு கேட்டாங்க. அப்பா சிரிச்சுட்டு, "இல்லம்மா, நடக்க வந்தோம்"னார்.

அதைத் தாண்டினா வீடே கிடையாது, ஒரே வயல். ஏன்னு கேட்டா அதுக்கும் சட்டம்தான். பாதுகாக்கப்பட்ட சின்னத்தோட எல்லையிலேர்ந்து 100 மீட்டருக்குப் புதுசா எதுவும் கட்டக் கூடாது. அதுக்கு மேல 200 மீட்டருக்கு அனுமதி வாங்கித்தான் கட்டணும். எங்ககிட்ட மிச்சம் இருக்குற நாப்பது சென்ட் அந்த 100 மீட்டருக்குள்ள மாட்டிக்கிட்டதால மனைக்காரன் யாரும் எட்டிப் பாக்கல. அந்தக் காலத்துல வீட்ல இதைச் சொல்லிப் பொலம்புவாங்க. இப்ப அதுல மல்லாட்டை போட்டிருக்கு. வரப்புல நடந்தா மதில் சுவர் கைக்கெட்டுற தூரத்துல. மொத்த ரூட்லயும் எனக்குப் பிடிச்சது இந்தக் கால் கிலோமீட்டர்தான். சத்தமில்ல, லாரியில்ல, மயில் மட்டும் கத்தும்.

அப்பா ஒரு செடியைப் புடுங்கி, காயை நசுக்கிப் பாத்தார். பிஞ்சு. "இன்னும் இருபது நாள் ஆவும்."

திரும்பி பஜார் வந்து போன்ல பாத்தா 3.2 கிலோமீட்டர். மெதுவா நடந்தா ஐம்பது நிமிஷம். நீங்க யாராவது போறதா இருந்தா கையில ஒரு குச்சி எடுத்துக்கங்க, நாய் விஷயம் பொய்யில்ல.

போன ஞாயித்துக்கிழமை போன் பண்ணேன். சர்க்கரை எவ்ளோன்னு கேட்டா அதைச் சொல்லாம வேற கதை சொல்றார். பார்க்ல முள்ளு வெட்டி ரெண்டு பெஞ்ச் போடச் சொல்லி மனு எழுதியிருக்காராம். கையெழுத்துக்காக அந்த நகர்ல ஒவ்வொரு வீடா ஏறி இறங்கிட்டு இருக்காராம். வாசல் தெளிச்ச அம்மாதான் முதல் கையெழுத்து.