மூட்டைகள் ஏறிய வழி

சிங்கப்பூர் ஆறு மூன்று கிலோமீட்டர் சொச்சம்தான். கழிமுகத்தில் நிற்கும் ஃபுல்லர்ட்டன் கட்டடத்தில் தொடங்கிக் கிம் செங் பாலம் வரை, சின்னக் குழந்தைகளோடு நின்று நின்று நடந்தாலும் ஒரு மாலைப்பொழுது போதும். போட் கீ, கிளார்க் கீ, ராபர்ட்சன் கீ என்று அடுத்தடுத்து மூன்று படகுத்துறைகள். அவற்றின் பழைய கிடங்குகளும் கடைவீடுகளும் இன்று உணவகங்களாகவும் விடுதிகளாகவும் மாறி, விடுமுறை மாலைகளில் குடும்பங்களை இழுக்கின்றன. வருகிறவர்களில் பலர் கிளார்க் கீ ரயில் நிலையத்தில் இறங்கி, விளக்குகளைப் பார்த்து, சாப்பிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். கழிமுகத்திலிருந்து ஆற்றை எதிர்த்து மேலே நடக்க வேண்டும் என்பது என் கருத்து. சரக்கு ஏறிய திசை அதுதான். அந்தத் திசையில் நடந்தால், புதுப்பித்த கிடங்குப் பகுதி ஒன்றை எதை வைத்து மதிப்பிட வேண்டும் என்பதும் தெளிவாகும்: சுவர்கள் எவ்வளவு நன்றாக நிற்கின்றன என்பது பாதி அளவுகோல். அந்தச் சுவர்களுக்குள் பாரம் சுமந்தவர்களின் உழைப்பு எவ்வளவு தெரிகிறது என்பது மறுபாதி.

பெரிய கப்பல்கள் ஆற்றுக்குள் வந்ததில்லை. அவை கடலில் நங்கூரமிட்டு நிற்க, தோங்காங் எனப்படும் சரக்குப் படகுகள் அரிசியையும் மிளகையும் ரப்பரையும் ஏற்றிக்கொண்டு உள்ளே வந்தன. தென்கரைச் சதுப்பைத் தூர்த்து 1820-களில் போட் கீ உருவான தொடக்க காலத்தில், அந்தப் படகுத் தொழிலில் முன்னணியில் இருந்தவர்கள் சோழமண்டலக் கரையிலிருந்து போன தமிழர்கள், பெரும்பாலும் முஸ்லிம்கள். பின்னர் அது ஹொக்கியன், தியோச்சியூ மக்களின் கைக்கு மாறியது. படகுக்கும் கரைக்கும் இடையே போட்ட ஒடுங்கிய பலகையில் கூலிகள் மூட்டையோடு ஏறினார்கள். ஒரு மூட்டைக்கு ஒரு குச்சி என்று கையில் கொடுப்பார்கள். குச்சிகளை எண்ணித்தான் கூலி. 1869-இல் கட்டிய கவனா பாலம் தாழ்வானது. ஓதம் ஏறியிருக்கும் வேளையில் படகுகள் அதன் அடியில் நுழைய முடியாமல் நீர் வடியக் காத்திருந்தன. ஆற்றங்கரையின் வேலைநேரத்தைக் கடல்தான் வகுத்தது. 2008-இல் மரினா அணைக்கட்டு வந்து ஆறு நன்னீர்த்தேக்கத்தின் பகுதியான பிறகு, அந்த ஏற்றவற்றமும் இல்லை. பாலம் அப்படியே நிற்கிறது. அதன் அடியில் ஏன் படகுகள் காத்துக் கிடந்தன என்பதை இன்றைய நீரைப் பார்த்து எந்தக் குழந்தையாலும் ஊகிக்க முடியாது. கட்டுமானத்தை மட்டும் காப்பாற்றினால் பொருள் கைநழுவிவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஆண்டுகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் இந்த இழப்பு எப்படி நேர்ந்தது என்பது புரியும். 1977-இல் பிரதமர் லீ குவான் யூ, பத்தாண்டுகளில் ஆறு தூய்மையாக வேண்டும் என்றார். சிங்கப்பூர் ஆறு, காலாங் வடிநிலம் இரண்டிலுமாகச் சுமார் 26,000 குடும்பங்கள் இடம் மாறின. 1983-இல் சரக்குப் படகுகள் பாசிர் பாஞ்சாங்கிற்கு அனுப்பப்பட்டன. 1987-இல் பணி முடிந்தது. போட் கீயும் கிளார்க் கீயும் பாதுகாக்கப்பட்ட பகுதிகளாக அறிவிக்கப்பட்டது 1989-இல். தொழில் வெளியேறி ஆறு ஆண்டுகள் கழித்துத்தான் கட்டடங்கள் மரபுச் செல்வம் ஆயின. காக்க வேண்டியது எது என்று முடிவெடுத்தபோது, படகுக்காரரும் சுமைகூலியும் அங்கே இல்லை. ஆகவே அவர்கள் அந்தப் பட்டியலிலும் இல்லாமல் போனார்கள்.

இதற்கு வலுவான மறுப்புகள் உண்டு. பழைய ஆறு நாற்றமடித்த சாக்கடை. அதை எண்ணி ஏங்குவது, அங்கே முதுகு ஒடிய உழைத்தவர்களுக்கே செய்யும் அநீதி என்பார்கள். உண்மை. ஆறு தூய்மையானது பெரிய பொதுநன்மை. கொள்கலன் கப்பல்கள் வந்தபின் அந்தத் தொழில் எப்படியும் தேய்ந்திருக்கும். பழையபடி வேலையைக் கொண்டுவா என்று யாரும் கேட்கவில்லை; வேலையின் நினைவைத்தான் கேட்கிறோம். இரண்டாவது மறுப்பு: வணிகம் இல்லையென்றால் இந்தக் கிடங்குகள் இடிபட்டிருக்கும். இதுவும் உண்மைதான். வாடகை வராத கட்டடம் நகர நடுவில் நீடிக்காது. ஆனால் வணிகம் கட்டடத்தை நிறுத்தி வைக்கும்; அதன் கதையைச் சொல்லும் கடமையை அது தானாக ஏற்காது. கிளார்க் கீ 1993-இல் ஒருமுறையும், 2006-இல் பிரிட்டிஷ் கட்டடக்கலைஞர் வில் ஆல்சோப்பின் குடைக்கூரைகளோடு மறுமுறையும் புதுக்கோலம் பூண்டது. வெயிலையும் மழையையும் தடுக்கும் அந்தக் கூரை நல்ல வசதி. அதே அக்கறை உழைப்பின் வரலாற்றுக்கும் கிடைக்க வேண்டும். மூன்றாவது மறுப்பு, ஓய்வுக்கு வரும் குடும்பத்துக்குப் பாடம் எதற்கு என்பது. குழந்தைகளுக்குப் பாடம் சுமையாகலாம். ஒரு மூட்டையின் எடை எவ்வளவு, பலகை எவ்வளவு அகலம், ஒரு குச்சிக்கு என்ன கூலி என்ற கேள்விகள் சுமையாவதில்லை. கழிமுகத்தருகே வணிகர்களையும் கூலிகளையும் மாட்டுவண்டியையும் காட்டும் வெண்கலச் சிலைகளின் மீது குழந்தைகள் ஏறி விளையாடுவதே இதற்குச் சாட்சி.

மேலே ராபர்ட்சன் கீயில் இரண்டு நல்ல முன்மாதிரிகள் உள்ளன. 1895-இல் எழுந்த கிடங்கு ஒன்று 2017-இல் தங்கும் விடுதியாகத் திறக்கப்பட்டபோது, கிடங்கு என்பதையே தன் பெயராக வைத்துக்கொண்டது. அல்காஃப் பாலம் தோங்காங் படகின் வடிவில் கட்டப்பட்டது. கடப்பவர் காலடியில் பழைய தொழிலின் உருவம் இருக்கிறது. இவற்றைவிட அழுத்தமான எடுத்துக்காட்டு கரையிலிருந்து சிறிது தூரத்தில், டேங்க் ரோட்டில் நகரத்தார் 1859-இல் எழுப்பிய தெண்டாயுதபாணி கோயில். மார்க்கெட் ஸ்திரீட்டில் அவர்கள் வட்டித்தொழில் நடத்திய கிட்டங்கிகள் போய்விட்டன. கோயில் மட்டும் நிலைத்திருக்கிறது. ஆண்டுதோறும் தைப்பூசக் காவடிகள் வந்து சேரும் இடமும் அதுதான். அங்கே வரலாற்றைக் காப்பது சுவர்கள் அல்ல, தொடர்ந்து வரும் மக்கள்.

எல்லாக் கட்டடத்துக்கும் அந்தப் பேறு வாய்க்காது. தொழில் அற்றுப்போன இடத்தில் நினைவை வேண்டுமென்றே நட வேண்டும். அதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. இறங்குபடிகளில் பழைய பலகையின் அகலத்தைக் கோடிட்டுக் காட்டலாம். கவனா பாலத்தில் ஓதம் ஏறிய மட்டத்தைக் குறிக்கலாம். கரையோர இருக்கைகளில் படகுக்காரர்களின் குரல்களைத் தமிழ், சீனம், மலாய், ஆங்கிலம் நான்கிலும் கேட்கச் செய்யலாம். இவை வந்தால், உணவகத்துக்குச் செலவழிக்க முடியாத குடும்பத்துக்கும் ஆற்றங்கரையில் நிறைவான ஒரு மாலை கிடைக்கும். தன் பாட்டனின் முதுகில் ஏறி வளர்ந்த நகரம் இது என்று அந்தக் குடும்பத்துக் குழந்தை உரிமையோடு சொல்ல முடிந்தால், அன்றுதான் இந்தப் புதுப்பிப்பு முழுமையாகும்.