இடப்பக்கம் மட்டும் மார்கழி

தலைகுந்தா புல்வெளியில் உறைபனி, உப்பைக் கொட்டிப் பரப்பியதுபோல் கிடந்தது. காரில் ஹீட்டர் ஓடியது. ஓட்டிய எனக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்த சுகம். இடப்பக்கம் இருந்த மனைவியோ சால்வையை மூக்குவரை இழுத்துக்கொண்டாள். "உங்களுக்கு மட்டும் சித்திரையா?" என்றாள்.

ஊட்டி காந்தல் பக்கம் ஒரு தகரக் கொட்டகை ஒர்க்‌ஷாப். மங்கி குல்லாவோடு வந்த மெக்கானிக் ஸ்கேனரைத் தேடவில்லை. "நின்னா குளிருது, ரேஸ் பண்ணா சூடாகுதுங்களா சார்?" என்றுதான் கேட்டார். எப்போதும் ஒரே மாதிரிதான் என்றேன். சூடு ஏறி இறங்கினால் கூலன்ட் குறைவாக இருக்கலாம், ஏர் லாக்காகவும் இருக்கலாமாம்.

இன்ஜின் சூடேறியதும் பானெட்டைத் தூக்கினார். பின்சுவர்த் தகட்டுக்குள் இரண்டு ரப்பர் ஹோஸ்கள் போகின்றன. ஒன்று ஹீட்டர் கோருக்குச் சுடுநீரைக் கொண்டுபோவது, மற்றது திரும்பக் கொண்டுவருவது. முதலாவதைத் தொட்ட விரலை வெடுக்கென்று எடுத்தார். இரண்டாவதைச் சாவகாசமாகப் பிடித்துக்கொண்டே நின்றார். "நீங்களும் தொடுங்க." வெதுவெதுப்பு, அவ்வளவுதான்.

"கோர் அடைச்சிருக்கு சார். ரெண்டும் சுட்டிருந்தா உள்ள ஃப்ளாப்பைத்தான் பார்க்கணும்." இரண்டு பக்கத்துக்கும் தனித்தனியாகச் சூடு வைக்கிற வண்டிகளில் சூட்டுக் காற்றைக் கூட்டிக் குறைக்கும் அந்த ஃப்ளாப்பைத் திருப்பச் சின்ன மோட்டார்கள் உண்டு. பல் உடைந்தால் டேஷ்போர்டுக்குள் டக் டக்கென்று கேட்குமாம். ஸ்கேனர் அப்போதுதான் வெளியே வரும்.

ஹீட்டர் கோர் என்பது குட்டி ரேடியேட்டர். அதன் மெல்லிய குழாய்களில் ஒரு பாதி அடைத்தால், அந்தப் பாதி வழியாக வரும் காற்று குளிர்ந்தே வரும்.

இரண்டு ஹோஸையும் கழற்றி, தண்ணீர் வெளியேறும் வாய் வழியாகவே பைப்பை வைத்தார்கள். "மெதுவா விடுடா தம்பி, அலுமினியம்டா!" முதலில் துருநிறம், பிறகு வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் உதிர்வதுபோல் வெள்ளைச் செதில்கள்.

"எந்த ஊர் வண்டிங்க?"

"கோயமுத்தூர்."

"போர் தண்ணி ஊத்துனீங்களா?"

இரண்டு கோடையாக ஊற்றியிருந்தேன். பதில் சொல்லாமல் டீக்கடைப் பக்கம் பார்த்தேன்.

அடுத்தது எனக்குப் பிடித்த காட்சி. வண்டியை மேட்டில் மூக்கு மேலே தூக்கியபடி நிறுத்தினார். இன்ஜின் ஆறும்வரை ரேடியேட்டர் மூடியைத் தொடவிடவில்லை. 2,240 மீட்டர் உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். சூட்டில் மூடியைத் திறந்தால் முகத்தில் பீறிடும். கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் சரிபாதியாக ஊற்றி இன்ஜினை ஓடவிட்டதும், குபுக் குபுக்கென்று காற்று வெளியேறியது. மலைச்சரிவும் ஒரு கருவிதான் இங்கே.

அலசியும் தேறாவிட்டால் டேஷ்போர்டையே பிரிக்க வேண்டும், ஒரு நாள் வேலை. கூலி அதில்தான் அதிகம். அவர் அங்கிருந்து தொடங்கவில்லை.

மலைக்குக் கிளம்புமுன் வாசலிலேயே பத்து நிமிடம் ஹீட்டரைப் போட்டு, இரண்டு பக்கமும் கை வைத்துப் பாருங்கள். ரேடியேட்டருக்குப் போர் தண்ணீர் மட்டும் வேண்டாம்.